பூங்காவனம் வீட்டுக் குளிர்

சத்துணவுக் கூடத்தில் அமைப்பாளராக இருந்து ஓய்வுபெற்ற கஸ்தூரி, கப்பலேறிப் பனிமலை பார்க்கப் போகிறேன் என்று கட்டிவைத்த பெட்டி, பக்கத்து வீட்டுப் பூங்காவனத்தின் கூடத்தில் குடியிருந்த அந்தக் கோடையில், வேலூர் முழுக்க வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருக்க, எங்கள் தெருவில் மட்டும் பால் திரியவில்லை, மல்லிகை வாடவில்லை, மோர் புளிக்கவில்லை, குழந்தைகளுக்கு வேர்க்குரு வரவில்லை, மாமியார் மருமகள் சண்டைகூட மதியத்துக்கு மேல் நடக்கவில்லை. அடுத்த தெருக்காரர்கள் இதை இன்றைக்கும் நம்புவதில்லை. நம்பாதவர்களிடம் நாங்கள் மல்லுக்கு நிற்பதுமில்லை, ஏனென்றால் அந்தக் கோடையில் பால் சொம்பைத் தூக்கிக்கொண்டு வந்து பூங்காவனத்தின் வாசலில் நின்றவர்களில் பாதிப்பேர் அவர்கள்தான்.

கஸ்தூரிக்குக் கால் ஓரிடத்தில் தரிக்காது. அரிசி களைந்துகொண்டிருக்கும்போதே வாசலுக்கு வந்து பஸ் போகிறதா என்று பார்ப்பாள், டீவியில் யாராவது ரயிலேறினால் இவள் எழுந்து நிற்பாள், வேலைக்குப் போன காலத்தில் அவ்வப்போது காட்பாடி ஜங்ஷனுக்குப் போய்ப் பிளாட்பாரம் டிக்கெட் வாங்கிக்கொண்டு, வடக்கே போகும் வண்டிகளையெல்லாம் பார்த்துவிட்டு, யாரையோ வழியனுப்பி வந்தவள் மாதிரி முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பி வருவாள். அவளாக ஒரு வண்டியும் ஏறியதில்லை என்பதுதான் வேடிக்கை. கல்யாணமான புதிதில் ஊட்டிக்கு என்று மூட்டை கட்டினாள், மாமனார் படுத்த படுக்கையானார். பிள்ளை பெற்றுத் தேறிய பிறகு மைசூர் என்றாள், நாத்தனாருக்கு வரன் வந்தது. அதற்கப்புறம் புயல், அரைப் பரீட்சை, கொழுந்தன் வீட்டுப் பஞ்சாயத்து, பள்ளிக்கூடத்துக்கு அதிகாரி வருகிறார் என்ற தகவல் என்று ஏதாவது ஒன்று வாசலில் வந்து உட்கார்ந்துகொள்ளும், கஸ்தூரி கட்டிய மூட்டையைப் பிரித்துப் புடவைகளைத் திரும்பப் பீரோவில் அடுக்குவாள், அடுக்கும்போது ஒரு வார்த்தை பேசமாட்டாள், ஆனால் அன்றைக்குக் குழம்பில் உப்பு இருக்காது.

அவளுடைய ஒரே மகள் அபிராமி அமெரிக்காவில் சியாட்டில் என்ற ஊரில் வேலை பார்க்கிறாள். அவள்தான் ஒரு நாள் போனில், "அம்மா, நீயும் அப்பாவும் கெளம்பி வாங்க, இங்கேர்ந்து கப்பல்ல அலாஸ்கா போய்ட்டு வரலாம், கடலுக்குள்ளயே பனிமலை ஒடைஞ்சு விழும், டிக்கெட் போட்டுட்டேன்" என்றாள். கஸ்தூரி கேட்டது ஒரே கேள்வி.

"அங்க மூச்சு வுட்டா வாயிலேர்ந்து பொகை வருமா?"

வரும் என்றாள் மகள். அந்த நிமிஷத்திலிருந்து கஸ்தூரிக்குப் பசி போனது, தூக்கம் போனது, கால்கள் இரண்டும் வீட்டுக்குள் இருக்க மறுத்தன.

கத்திரி வெயிலில் லாங்கு பஜாருக்குப் போய்க் கம்பளிக் கையுறை கேட்டாள். கடைக்காரர், பாவம், வெயில் தலைக்கேறிவிட்டது என்று நினைத்து முதலில் அவளை உட்காரவைத்து மோர் வாங்கிக் கொடுத்தார், பிறகுதான் பரணிலிருந்து தூசி தட்டி ஒரு ஜோடியை எடுத்தார். குரங்குக் குல்லா வாங்கினாள், மப்ளர் வாங்கினாள், முழங்கால் வரை ஏறும் காலுறை வாங்கி மெட்டியோடு அதை எப்படி மாட்டுவது என்று ஒரு முழு நாள் போராடினாள். கப்பல் ஆடுமாமே, விழாமல் நிற்கப் பழக வேண்டாமா என்று டவுன் பஸ்ஸில் ஏறிக் கம்பியைப் பிடிக்காமல் நின்றாள், "அம்மா, ஒக்காருங்க, இல்ல பிடிங்க, ரெண்டுல ஒண்ணு செய்யுங்க" என்று கண்டக்டர் கத்தினார், இவள் இரண்டையும் செய்யாமல் சத்துவாச்சாரி வரை போய்த் திரும்பினாள். மதிய வேளையில் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு வேர்வை ஒழுக ஒழுகக் கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தாள். ஏன் இப்படி என்று கேட்டால், "ஒடம்புக்குப் பழகணும் இல்ல" என்றாள்.

அவளுடைய கணவர் தணிகாசலம் மின்சார வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வுபெற்றவர். நல்ல மனிதர், ஆனால் அவருக்குப் பயணத்தைவிடப் பயண ஏற்பாடுதான் பிடிக்கும். பெட்டிக்குப் பூட்டு, பூட்டுக்குச் சாவி, சாவிக்குக் கயிறு, கயிறு அறுந்தால் இன்னொரு கயிறு என்று யோசித்து யோசித்துக் களைத்து, கிளம்பும் நாள் வரும்போது அவருக்குப் போய்வந்த அசதியே வந்துவிடும். இந்தத் தடவை அவர் பஞ்சாங்கத்தைப் புரட்டிப் பார்த்து, விமானம் ஏறும் நாள் மனைவிக்குச் சந்திராஷ்டமம் என்று கண்டுபிடித்து, ஜோசியர் வடமலையைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

வடமலை ஒன்றும் புதிதாகச் சொல்லவில்லை, எல்லாரும் சொல்வதைத்தான் சொன்னார். கிளம்பும் நாள் சரியில்லை என்றால் பரஸ்தானம் வைத்துவிட வேண்டும், அதாவது அதற்கு முந்தியே ஒரு நல்ல நாள் பார்த்து, பயணத்துக்கு எடுத்துப்போகும் பொருள் ஒன்றை மஞ்சள் துணியில் முடிந்து, போகிற திசையில் இருக்கும் வேறொரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும், வைத்த நேரத்திலேயே பயணம் தொடங்கிவிட்டதாகக் கணக்கு, அதற்கப்புறம் எந்த நாளில் கிளம்பினாலும் தோஷமில்லை, வைத்த பொருளை மட்டும் சொந்த வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவரக் கூடாது. அலாஸ்கா எந்தத் திசை என்பதில் கொஞ்சம் சச்சரவு வந்தது. விமானம் மேற்கே போகிறது என்றார் தணிகாசலம், பூமி உருண்டை, கிழக்கே போனால்தான் கிட்டம் என்றார் எதிர்வீட்டு வாத்தியார், கடைசியில் பனி இருக்கிற இடமெல்லாம் வடக்குதான் என்று வடமலை தீர்த்துவைத்தார். கஸ்தூரியின் வீட்டுக்கு வடக்கே ஒட்டினாற்போல் இருந்தது பூங்காவனத்தின் வீடு.

ஒரு கைக்குட்டையை வைத்திருந்தாலே போதும். தணிகாசலமோ, ஒன்றை வைத்து இன்னொன்றை விட்டால் விட்டதற்குத் தோஷம் வந்துவிடுமே என்று பயந்து, ஸ்வெட்டரும் குல்லாவும் தக்காளித் தொக்கும் கடல் மயக்க மாத்திரையுமாக முழுப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு போய் வைத்தார். எங்கள் ஊரில் பரஸ்தானத்துக்கு முழுப் பெட்டியை வைத்த ஒரே ஆள் அவர்தான். கைக்குட்டை வைத்திருந்தால் ஒருவேளை லேசான காற்றோடு போயிருக்கும்.

பூங்காவனத்தின் கணவர் எத்திராஜ் ஒரு பேக்கரியில் ரொட்டி அடுப்பின் முன்னால் நின்று நின்றே வயதானவர். வேலையை விட்ட பிறகும் அடுப்பு அவரை விடவில்லை. உள்ளங்காலில் தொடங்கி உச்சந்தலை வரை உடம்பு எரிகிறது என்பார், நரம்பு என்றார்கள் ஆஸ்பத்திரியில், மருந்து கொடுத்தார்கள், எரிச்சல் மருந்தையும் சேர்த்து எரித்தது. கோடை வந்தால் அவருக்குத் தூக்கமே கிடையாது. ஈரத் துண்டைப் போர்த்தி, காய்ந்ததும் மறுபடி நனைத்து, விசிறிக்கொண்டே பூங்காவனம் தானும் தூங்காமல் கிடப்பாள், அவர் முனகுவது கஸ்தூரியின் சமையலறை வரை கேட்கும்.

பெட்டி வைத்த அன்று மத்தியானம் அந்த முனகல் நின்றது. நின்றதும் கஸ்தூரி பயந்துபோய்க் கரண்டியோடு ஓடினாள். பூங்காவனம் கூடத்தில் சுவரோரமாகக் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள், பற்கள் தந்தியடித்தன. எத்திராஜ் பெட்டிக்குப் பக்கத்தில் பாயில் படுத்து, வாய் லேசாகத் திறந்திருக்க, சீராகத் தூங்கிக்கொண்டிருந்தார்.

"யக்கா, ஒங்க பொட்டியில இன்னாக்கா வச்சிக்கிறீங்க?" என்றாள் பூங்காவனம், அப்போது அவள் வாயிலிருந்து வெள்ளையாகப் புகை வந்தது.

கஸ்தூரி பெட்டியைத் திறந்து பார்த்தாள். வைத்தவை வைத்தபடி இருந்தன, தொக்குப் பாட்டிலில் எண்ணெய் மட்டும் வெள்ளையாக உறைந்திருந்தது. குளிர் பெட்டியிலிருந்துதான் வந்தது, வந்து தரையில் பரவி, சுவரில் ஏறி, ஜன்னல் கம்பியில் பொடிப்பொடியாகப் பனி பூத்திருந்தது. பயணம் தொடங்கிவிட்டது, பெட்டி போகவேண்டிய இடத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான் என்று வடமலை வந்து பார்த்துச் சொன்னார், சொல்லிவிட்டு, போகும்போது ஒரு மப்ளரை இரவல் வாங்கிக்கொண்டு போனார்.

எங்கள் தெருவுக்கு அதிசயத்தைப் பழகிக்கொள்ள ஒரு வாரம்கூடத் தேவைப்படவில்லை. முதலில் பால்காரர் கேனைக் கொண்டுவந்து வைத்தார், பிறகு பூக்காரி கூடையை வைத்தாள், பிறகு மீன்காரர் வந்து பூங்காவனத்திடம் திட்டு வாங்கிக்கொண்டு கொல்லைப்புறமாக வைத்தார், கைக்குழந்தைக்காரிகள் குழந்தைகளைக் கொண்டுவந்து வரிசையாகப் படுக்கவைத்தார்கள், பரீட்சைக்குப் படிக்கும் பெண்கள் புத்தகத்தோடு வந்தார்கள், அவர்களைப் பார்க்க வந்த பையன்கள் புத்தகம் இல்லாமல் வந்தார்கள். குளிர் வாசலைத் தாண்டித் தெருவிலும் இறங்கியது, மின்விசிறிகள் ஓய்ந்தன, மின்சார வாரியத்திலிருந்து ஆள் வந்து ஏன் இந்தத் தெருவில் மட்டும் மீட்டர் ஓடவில்லை என்று சந்தேகத்தோடு கம்பம் கம்பமாகப் பார்த்துவிட்டு, தணிகாசலம் கொடுத்த சூடான சுக்குக் காப்பியைக் குடித்துவிட்டுப் போனார். இட்லி மாவு மட்டும் புளிக்க மறுத்தது. அதற்கும் வழி கண்டுபிடித்தார்கள், மாவுப் பாத்திரத்தை அடுத்த தெருவில் வைத்துவிட்டு, அந்தத் தெருவின் பாலை இங்கே வாங்கி வைத்துக்கொண்டார்கள். பூங்காவனத்தின் கூடத்தில் உட்காரக் குளிர் தாங்கவில்லை என்று கஸ்தூரியின் பெட்டியைத் திறந்து ஸ்வெட்டரையும் குல்லாவையும் முறைவைத்துப் போட்டுக்கொண்டார்கள், எங்கள் தெருவில் அந்தக் கோடையில் குரங்குக் குல்லா போடாத தலை இல்லை.

பெட்டிக்குச் சொந்தக்காரிக்கோ இருப்பே கொள்ளவில்லை. பூங்காவனத்தின் வீட்டுக்குப் போய் நின்று மூச்சு விடுவாள், புகை வரும், அதைக் கொஞ்சநேரம் பார்ப்பாள், உடனே தெருவுக்கு வந்து பஸ் நிறுத்தம் வரை நடந்துவிட்டுத் திரும்புவாள். கிளம்பும் நாள் கிட்டே வந்தது. அப்போது ஒரு சாயங்காலம் வடமலை, பால்காரர், எதிர்வீட்டு வாத்தியார், இன்னும் ஒரு கும்பல், எல்லாரும் அவள் வீட்டுக் கூடத்தில் வந்து உட்கார்ந்தார்கள். யாரும் நேராகப் பேசவில்லை. வெயிலைப் பற்றிப் பேசினார்கள், குழந்தைகளைப் பற்றிப் பேசினார்கள். வாத்தியார்தான் கடைசியில் தொண்டையைச் செருமினார்.

"குளிரப் பாக்கணும்னுதானம்மா ஆசப்பட்டீங்க? தோ, குளிரே நம்ம தெருவுக்கு வந்துடுச்சே. இதுக்கு மேல அவ்ளோ தூரம் எதுக்கு?"

"குளிரு வந்துடுச்சு வாத்தியாரே. நான் எங்க போனேன்?" என்றாள் கஸ்தூரி.

பூங்காவனம் கும்பலோடு வரவில்லை, ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் எத்திராஜ் குறட்டை விடுவது நன்றாகக் கேட்டது, கேட்கவேண்டும் என்றே வாயை மூடிக்கொண்டு எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். அத்தனை வருஷம் முனகிய மனிதரின் குறட்டை. கஸ்தூரியின் மனசு இளகிவிட்டது. அடுத்த கப்பலுக்குப் போகலாம் என்று தணிகாசலம் சொன்னபோது அவள் ஒன்றும் சொல்லவில்லை, அன்றைக்குக் குழம்பில் உப்பு இல்லை. அம்மாவுக்கு முட்டிவலி என்று தணிகாசலம் மகளிடம் சொன்னார், அபிராமி பாவம், டிக்கெட்டை மாற்றினாள்.

அடுத்த கப்பல் வந்தது, அதற்கும் ஏதோ ஒரு காரணம் வந்தது. வெயில் குறையவில்லை, தெரு விடவில்லை. பரஸ்தானத்துக்கும் ஒரு கெடு உண்டே என்று யாரோ கேட்டதற்கு வடமலை, கடல் தாண்டும் பயணத்துக்குக் கெடு நீளம் என்று எந்தப் புத்தகத்திலும் இல்லாத ஒன்றை மப்ளருக்குள்ளிருந்து சொன்னார். அன்றைக்குத்தான் கஸ்தூரிக்குப் பொறுமை போனது.

"போதும்," என்று வாசலில் நின்று கத்தினாள். "நான் எங்கியும் போவல. கப்பலும் வோணாம், ஒரு கருமாந்தரமும் வோணாம். போவலன்னா போவல, அவ்ளோதான்."

சொன்ன வாய் மூடுவதற்குள் குளிர் நின்றது. ஜன்னல் கம்பியில் பூத்திருந்த பனி தண்ணீராகச் சொட்டியது, பால் கேனில் நுரை கட்டியது, வரிசையாகப் படுத்திருந்த குழந்தைகள் ஒன்றன்பின் ஒன்றாக வீறிட்டன, எத்திராஜ் அடிபட்டவர் மாதிரி எழுந்து உட்கார்ந்து அலறினார். அந்த அலறலைக் கேட்டுத் தெரு முழுக்கக் கஸ்தூரியின் வீட்டு வாசலுக்கு ஓடி வந்தது. அம்மா, யக்கா, அண்ணி, அப்படிச் சொல்லாதீங்க, நீங்க போவணும், கண்டிப்பாப் போவணும், இப்பத்திக்கு வோணாம்னுதான் சொன்னோம், போவவே வோணாம்னு எவன் சொன்னான் என்று ஆளாளுக்குக் கெஞ்சினார்கள். "சரி, போறேன்" என்று அவள் எரிச்சலோடு முணுமுணுத்தாள். மனசுக்குள் கப்பலின் வெள்ளை உடம்பு ஒருதரம் அசைந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் அலறல் அடங்கி, கொஞ்சநேரத்தில் குறட்டை கேட்டது.

அப்போதுதான் எங்களுக்கு விஷயம் பிடிபட்டது. குளிர் பெட்டியில் இல்லை, ஸ்வெட்டரில் இல்லை. கஸ்தூரி போகப் போகிறாள் என்பதில் இருந்தது. அவள் போய்விட்டாலும் தீர்ந்துவிடும், போகமாட்டேன் என்றாலும் தீர்ந்துவிடும், போய்க்கொண்டே இருப்பதாக அவள் தவித்துக்கொண்டிருக்க வேண்டும், அந்தத் தவிப்பில்தான் எங்கள் தெருவுக்குக் காற்று வந்தது.

அதன்பிறகு நாங்கள் அவளைக் கவனித்துக்கொண்ட மாதிரி யாரும் யாரையும் கவனித்துக்கொண்டிருக்க மாட்டார்கள். கப்பல் படம் போட்ட காலண்டர் ஒன்றை வாத்தியார் கொண்டுவந்து அவள் சமையலறையில் மாட்டினார். பூக்காரி தினமும் பூ கொடுக்கும்போது, "எப்பம்மா கெளம்புறீங்க?" என்று கேட்டுவிட்டுத்தான் போவாள். பனிமலை உடைந்து விழுவதைச் செல்போனில் எடுத்துவந்து பால்காரர் காட்டுவார், அவள் கண் விரிவதைப் பார்த்துவிட்டு நிம்மதியாகத் தன் கேனைப் போய்ப் பார்ப்பார். தணிகாசலம் பெட்டிக்குப் புதுப் பூட்டு வாங்கினார். கஸ்தூரி மெலிந்துபோனாள். நடக்கும்போது குதிகால் தரையில் படுவதில்லை, உட்கார்ந்தால் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள், தலைவாரி முடித்தவள் மறுபடி பிரித்து வாரினாள், பாஸ்போர்ட்டை இடுப்பில் செருகிக்கொண்டு காய் நறுக்கினாள். அவள் எவ்வளவுக்குத் தவித்தாளோ அவ்வளவுக்குத் தெரு குளிர்ந்தது. ஒரு மத்தியானம் பூங்காவனத்தின் முற்றத்தில் மெய்யாகவே பனி பெய்தது, சட்னி அரைக்கத் துருவிய தேங்காய் மாதிரி, நாங்கள் கைதட்டிக்கொண்டு பார்த்தோம்.

மழைக்காலம் நெருங்கும் சமயத்தில் அபிராமி போன் செய்தாள். தணிகாசலம் கடைக்குப் போயிருந்ததால் கஸ்தூரியே எடுத்தாள்.

"முட்டிவலி எப்படிம்மா இருக்கு?"

"எனக்கு ஏது முட்டிவலி?"

"அப்பா ஒவ்வொரு தடவையும் அதத்தானம்மா சொல்றாரு," என்றாள் அபிராமி. "இதான் இந்த வருஷத்துக்குக் கடைசிக் கப்பல், நாளைக்கு ஃப்ளைட்டுக்கு உங்க டிக்கெட் இன்னும் அப்படியே இருக்கு. இத விட்டா அங்க எல்லாம் உறைஞ்சிடும், அடுத்த வருஷம்தான்."

கடைசிக் கப்பல் என்ற செய்தி தெருவுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது, தெரிந்ததும் எங்கள் முகத்தில் வந்த சந்தோஷத்தைக் கஸ்தூரி பார்த்துவிட்டாள். அடுத்த வருஷம் என்றால் அடுத்த கோடையும் எங்களுக்குத்தான். பூக்காரி அன்று காசு வாங்காமல் ஒரு முழம் கூடுதலாகக் கொடுத்தாள். கஸ்தூரி அந்தப் பூவை வைத்துக்கொள்ளாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். அவளுக்குக் கோபம் வந்தது, அழுகை வந்தது, எல்லாவற்றுக்கும் மேலே பயம் வந்தது, போகாமலே செத்துப்போய்விடுவோம் என்ற பயம்.

குளித்துவிட்டு வந்த கணவரிடம் அவள் சண்டை போடவில்லை.

"நான் நாளைக்குக் கெளம்புறேன். வர்றீங்களா?"

"நாளைக்கா?" தணிகாசலம் துண்டைப் பிழிவதை நிறுத்தினார். "பொட்டி அந்த வூட்ல கீதே. பொட்டி இல்லாம எப்பிடி? ஸ்வெட்டர் இல்லாம அங்க போய் நின்னா வெறச்சிப் பூடுவ."

"பொட்டி அங்கியே இருக்கட்டும். அங்க துணியா கெடைக்காது? கெடைக்கலன்னா கெடைக்கல."

அவர் என்னென்னவோ சொன்னார், நாள் நட்சத்திரம் என்றார், தெரு என்ன சொல்லும் என்றார், எதுவும் இவள் காதில் ஏறவில்லை.

விடிந்ததும் கஸ்தூரி நூல் புடவை கட்டி, கையில் ஒரு மஞ்சள் பையோடு பூங்காவனத்தின் வீட்டுக்குப் போனாள். பூங்காவனம் வாசற்படியில் நிலையின் இரண்டு பக்கமும் கை வைத்து நின்றாள், விலகவில்லை.

"பொட்டிய எடுக்க வந்தீங்களா?"

"இல்ல."

"எடுக்காதீங்கக்கா. கால்ல வேணா வுழறேன். ஊரு பாலுக்கும் பூவுக்கும் கேக்குது, நான் அதுக்குக் கேக்கல. அந்த மனுசன் கண்ண மூடி எத்தினி வருசம் ஆச்சி தெரியுமா? அவரு தூங்குனாத்தான் நான் தூங்கறேன். அடுத்த வருசம் போங்க. ஒங்களுக்குக் கப்பல் எங்கியும் ஓடிப் போவாது."

"நான் ஓடிப் போய்டுவேன் பூங்காவனம்," என்றாள் கஸ்தூரி. "இப்பிடியே நின்னுக்கினு இருந்தன்னா ஒரு நாளு இந்த வாசல்லியே வுழுந்து பூடுவேன். எனக்கும் ஒரு உசுருதான கீது."

பூங்காவனத்தின் கை நிலையிலிருந்து இறங்கவில்லை, ஆனால் கண்கள் இறங்கின.

"பொட்டிய நான் தொடல. ஒன் ஊட்லியே இருக்கட்டும். நான் போய்ச் சேர்ற வரைக்கும் குளிரு இருக்கும், வழியில இருக்கற வரைக்கும் நான் போய்க்கினுதான கீறேன். சேந்துட்டா நின்னுடும். அதுக்கு மேல என்னால ஆவாது."

உள்ளே எத்திராஜ் புரண்டு படுத்தார். இரண்டு பெண்களும் அவர் எழுந்துவிடாமல் இருக்கக் கொஞ்சநேரம் மூச்சை அடக்கி நின்றார்கள், பிறகு விட்டபோது இருவர் வாயிலிருந்தும் புகை வந்து ஒன்றாகக் கலந்தது. கஸ்தூரி திரும்பி நடந்தாள். முனையில் கார் நின்றது. தெரு முழுக்க வாசலில் நின்று பார்த்தது, தணிகாசலம் சட்டைப் பித்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு கார் வரை வந்து, கதவைத் திறந்து, ஏறுவாரோ என்று நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, திறந்த கதவை அவளுக்காகச் சாத்தினார்.

அவள் போன பின் வந்த குளிர் நாங்கள் அதுவரை பார்க்காத குளிர். அவள் வானத்தில் இருக்கிறாள் என்று நினைத்த நாளில் தெருக்குழாயில் தண்ணீர் உறைந்தது. கப்பலேறிவிட்டாள், இனிமேல் கடலில் போன் எடுக்காது என்று அபிராமி சொன்ன நாளில், பூங்காவனத்தின் கூடத்தில் விட்ட மூச்சு கலையாமல் விட்டத்தில் போய் நின்றது. தெரு வேலை வெட்டியை விட்டுவிட்டு அந்தக் கூடத்திலேயே கிடந்தது. யாருக்கும் இருப்பே கொள்ளவில்லை, உட்கார்ந்தவர்கள் எழுந்தார்கள், எழுந்தவர்கள் ஜன்னலுக்குப் போனார்கள், கஸ்தூரியின் தவிப்பு அத்தனையும் இப்போது எங்கள் காலுக்கு வந்துவிட்டது. தணிகாசலம் பெட்டியின் மேல் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தார், விறைத்துப்போனாலும் கையை எடுக்கவில்லை. அவர் மனசில் என்ன ஓடியது என்று கேட்கிற தைரியம் எங்களுக்கு இல்லை.

ஒரு நாள் முற்பகலில் தணிகாசலம் கையை வெடுக்கென்று எடுத்தார். பெட்டி வெதுவெதுப்பாக இருக்கிறது என்றார். ஜன்னலில் பனி இறங்கியது, விட்டத்தில் நின்றிருந்த மூச்செல்லாம் கலைந்து ஒன்றுமில்லாமல் போனது, வாசல் வழியாக வேலூர் வெயில் தன் வீட்டுக்கு வருவது மாதிரி உள்ளே வந்து உட்கார்ந்தது. வாத்தியார் குல்லாவைக் கழற்றினார். பால்காரர் கேனைத் தூக்கப் போகவில்லை, நின்ற இடத்திலேயே நின்றார்.

எத்திராஜ் கண் விழித்தார். அலறவில்லை. நெற்றியில் வேர்வை அரும்ப, கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். பூங்காவனம் துண்டை நனைத்து அவர் மார்பில் போட்டுவிட்டு விசிறியை எடுத்தாள்.

"சேந்துட்டாங்களா?" என்றார்.

"சேந்துட்டாங்க."

அவள் விசிறினாள். அவருக்கு உடம்பு எரிய ஆரம்பித்துவிட்டது எங்கள் எல்லாருக்கும் தெரிந்தது, பல்லைக் கடித்துக்கொண்டு கொஞ்சநேரம் கிடந்தார்.

"ஸ்வெட்டர் கூட எடுத்துக்கினு போவலியே," என்றார். "குளுருமேடி அவங்களுக்கு."

"குளுரட்டும்," என்றாள் பூங்காவனம், விசிறுவதை நிறுத்தாமல். "அதுக்குத்தான போனாங்க."